கடைவீதியும் அடுக்களையும்: ஜப்பானின் இரண்டு உணவு உலகங்கள்

ஜப்பானுக்கு விடுமுறைப் பயணம் செல்வோர் தேடித் தேடி உண்ணும் சுஷி, ராமென், சுட்ட விலாங்கு மீன், எண்ணெயில் பொரித்த தெம்புரா ஆகியவற்றை அந்நாட்டுக் குடும்பங்கள் தங்கள் அடுக்களையில் நாள்தோறும் சமைப்பதில்லை. அவை பெரும்பாலும் கடைக்குரிய உணவுகள். அவற்றுக்கென்றே பல ஆண்டுகள் பயின்ற சமையற்காரர்களும், அவற்றுக்கென்றே அமைந்த அடுப்புகளும், அவற்றை உண்பதற்காகவே வெளியே வரும் மக்களும் சேர்ந்த தனி உலகம் ஒன்று அவற்றைச் சுற்றி இயங்குகிறது. அதே நகரத்தின் அடுக்குமாடி வீடுகளில் மாலை ஏழு மணிக்கு மேசைக்கு வருவது ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் மிசோ சாறு, சுட்ட மீன் துண்டு, வேகவைத்த கீரை, சிறிது ஊறுகாய் என்னும் எளிய இராவுணவு. முன்னதை மட்டும் உண்டு திரும்பும் பயணி அந்நாட்டு உணவில் பாதியையே அறிகிறார். பின்னதைக் காண்பதற்கு மிகுந்த பணமோ உள்ளூர் அறிமுகமோ தேவையில்லை. அதைக் கண்டபின்தான் கடை உணவின் அருமையும் சரியாக விளங்குகிறது.

ஒரு கடை, ஒரு பண்டம்

ஜப்பானியக் கடை உணவின் வேர் எதோ நகரத்தில் இருக்கிறது. 1868 வரை எதோ என்ற பெயரில் வழங்கிய இன்றைய தோக்கியோ, பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம். நாட்டின் பிரபுக்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் அங்கே வந்து தங்க வேண்டும் என்று தோக்குகாவா ஆட்சி விதித்திருந்ததால், அவர்களுடன் வந்த வீரர்களும் பணியாட்களும், பிழைப்புத் தேடி வந்த தச்சர்களும் கூலிக்காரர்களுமாக, குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்கள் அந்நகரில் மிகுந்திருந்தார்கள். மரவீடுகள் நெருங்கி நின்று அடிக்கடி தீப்பற்றிய அந்நகரில் வீட்டுக்குள் எண்ணெய்ச் சட்டி வைப்பதே ஆபத்தாக இருந்தது. ஆகவே சோபா என்னும் பக்வீட் மாவு நூடுல்ஸ், தெம்புரா, சுஷி ஆகிய மூன்றும் யாத்தாய் எனப்படும் தெருவோரத் தள்ளுகடைகளில் நின்றபடியே விரைவாக உண்ணும் பண்டங்களாக வளர்ந்தன.

இன்று உலகமெங்கும் அறியப்படும் சுஷி, அதாவது காடியில் புரட்டிய சோற்றைக் கையால் பிடித்து அதன்மேல் மீன் துண்டை வைத்துத் தருவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதோவில் உருவான வடிவம். ஆதியில் சுஷி என்றால் உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைப்பதையே குறித்தது. கியோத்தோவுக்கு அருகிலுள்ள பிவா ஏரிக்கரை ஊர்களில் ஃபுனாசுஷி என்ற பெயரில் அந்தப் பழைய வகையை இன்றும் உண்ணலாம். புளிப்புக்காக மாதங்கள் காத்திருக்க வேண்டிய இடத்தில் காடியைச் சேர்த்துச் சில நொடிகளில் கையில் கொடுத்ததே எதோ நகரத்தார் கண்ட வழி. பின்னர் 1958இல் ஒசாகாவில் ஷிராய்ஷி யோஷியாக்கி என்பவர், சுஷித் தட்டுகள் நகரும் பட்டையில் சுற்றிவரும் கடையைத் திறந்தபோது, விலையேறிப் போயிருந்த அவ்வுணவு மீண்டும் சாமானியர் கைக்கு எட்டியது.

தெருவில் பிறந்த அந்த மரபின் இயல்பு இன்றைய உணவகங்களிலும் தொடர்கிறது. சோபாக் கடையில் சோபா, விலாங்குக் கடையில் விலாங்கு, பன்றி இறைச்சியை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கும் தொங்காத்சுக் கடையில் தொங்காத்சு என ஒவ்வொன்றும் ஒரே பண்டத்தை மையமாகக் கொண்டே நடக்கிறது. பலவகை உணவுகள் நிறைந்த நீண்ட பட்டியலை எதிர்பார்த்து நுழைபவருக்கு முதலில் இது குறைபோலத் தோன்றினாலும், ஒன்றையே வாழ்நாள் முழுதும் செய்யும் கையின் தேர்ச்சி அந்தக் குறுகிய பட்டியலிலிருந்தே வருகிறது. மொழி அறியாதவருக்குக் கடை வாசலின் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டுள்ள பிளாஸ்டிக் உணவு மாதிரிகளும், பணம் போட்டுச் சீட்டு எடுக்கும் இயந்திரங்களும் துணைசெய்கின்றன. அன்பளிப்பாகப் பணம் வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆனால் இசாக்காயா எனப்படும் மதுவும் சிற்றுணவும் தரும் கடைகளில், கேட்காமலே வரும் முதல் சிறு கிண்ண உணவுக்கும் பெரும்பாலும் கட்டணம் உண்டு என்பதைப் பயணி முன்னரே அறிந்திருப்பது நல்லது.

ஊருக்கு ஊர் மாறும் சாறு

கடை உணவையும் வீட்டு உணவையும் இணைக்கும் பொருள் ஒன்று உண்டென்றால் அது தாஷி. பெரும்பாலான ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படையான இந்தத் தெளிந்த சாறு, கொம்பு என்னும் உலர்த்திய கடற்பாசியையும், கத்சுவோபுஷி என்னும் பதப்படுத்திய சூரை மீனின் சீவல்களையும் நீரில் ஊறவைத்தோ சூடாக்கியோ எடுக்கப்படுகிறது. கத்சுவோபுஷி செய்வதற்கு மீனை வேகவைத்து, முள் நீக்கி, பலமுறை புகையூட்டி உலர்த்துகிறார்கள். உயர்ந்த வகைக்கு அதன்மேல் பூஞ்சை படரவிட்டு வெயிலில் காயவைப்பதையும் மீண்டும் மீண்டும் செய்வதால், அது மரத்துக்கு நிகரான கடினத்தை அடைந்து, இழைப்புளியில் சீவி எடுக்கும் பொருளாகிறது. நெடுநாள் உழைப்பெல்லாம் இப்படி முன்னரே முடிந்துவிடுவதால், வீட்டில் தாஷி எடுக்கச் சில நிமிடங்களே போதும்.

இந்தச் சாற்றின் சுவை எதனால் வருகிறது என்பதை 1908இல் தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் இக்கேதா கிகுனாயே கண்டறிந்தார். கொம்பிலிருந்து குளூட்டமேட் என்னும் பொருளைப் பிரித்தெடுத்த அவர், இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றில் அடங்காத அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ, கத்சுவோபுஷியில் இனோசினேட் என்னும் வேறொரு பொருள் அதே வகைச் சுவையைத் தருவதைக் காட்டினார். இரண்டும் ஒன்றுசேரும்போது சுவை கூட்டுத்தொகையைத் தாண்டிப் பன்மடங்காக உயர்கிறது என்பதைப் பின்னர் குனினாகா அக்கிரா விளக்கினார். கடற்பாசியையும் மீனையும் நூற்றாண்டுகளாக ஒன்றாக இட்டுவந்த சமையற்காரர்களின் பட்டறிவுக்கு அறிவியல் தந்த விளக்கம் இது.

ஊர்களைச் சுற்றிப் பார்ப்பவர் இந்தச் சாற்றைப் பின்தொடர்ந்தாலே நாட்டின் வரலாறு தெரியவரும். கொம்பு பெரும்பாலும் வடகோடித் தீவான ஹொக்காய்தோவின் கடலில் விளைகிறது. எதோ காலத்தில் கித்தாமாயெபுனே எனப்பட்ட வணிகக் கப்பல்கள் அதை மேற்குக் கரையோரமாகக் கொண்டுவந்து ஒசாகாவில் இறக்கியதால், ஒசாகாவிலும் கியோத்தோவிலும் கொம்பை முதன்மையாகக் கொண்ட மென்மையான சாறும் வெளிர்நிறச் சோயா சாஸும் நிலைபெற்றன. தோக்கியோவிலோ கத்சுவோபுஷியின் மணம் மேலோங்கிய சாறும் கருநிறச் சோயா சாஸும் வழக்கமாயின. ஆகவே ஒசாகாவில் ஊதோன் என்னும் தடித்த கோதுமை நூடுல்ஸ் கிண்ணத்தின் அடி தெரியும். தோக்கியோவில் அதே கிண்ணம் கறுத்திருக்கும். கொம்பே விளையாத தென்கோடி ஓக்கினாவாவிலும் அது அன்றாட உணவாக இருப்பது, அத்தீவு வழியாகச் சீனாவுக்குக் கொம்பு ஏற்றுமதியான பழைய வணிகத்தின் எச்சம்.

ஊர்ச்சுவையை ரயிலிலேயே உண்பதற்கும் வழி உண்டு. நிலையங்களில் விற்கும் எக்கிபென் என்னும் பொதி உணவுகளில் அந்தந்த வட்டாரத்தின் விளைபொருள்கள் இடம்பெறுகின்றன. தொயாமாவில் மூங்கில் இலை விரித்த வட்டப் பெட்டியில் அழுத்திவைத்த மீன் சோறு கிடைக்கும். குன்மா மாவட்டத்து யோக்கோகாவா நிலையத்தில் 1958 முதல் மண்சட்டியிலேயே வைத்து விற்கப்படும் சோறு இன்றும் புகழ்குன்றாமல் இருக்கிறது.

சைவம் மட்டும் உண்பவருக்கு இந்தத் தாஷிதான் பெரிய இடர். காய்கறி மட்டும் தெரியும் கிண்ணத்திலும், கீரைமேல் ஊற்றிய சாற்றிலும், முட்டைகோஸ் ஊறுகாயிலும்கூட மீன்சாறு கலந்திருக்கக்கூடும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் சீவல் நீங்காது. இதற்கான விடையையும் ஜப்பானிய மரபே வைத்திருக்கிறது. ஷோஜின் ரியோரி எனப்படும் பௌத்த மடாலயச் சமையலில் மீனும் இறைச்சியும் மட்டுமின்றி வெங்காயம், பூண்டு போன்ற காரமணமுள்ளவையும் விலக்கப்படுகின்றன. தாஷியைக் கொம்பிலிருந்தும் உலர்ந்த ஷித்தாக்கே காளானிலிருந்தும் எடுக்கிறார்கள். ஜென் துறவி தோகென் 1237இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதி, அரிசி களைவதையும் காய் நறுக்குவதையும் தியானத்துக்கு நிகரான கடமையாக வைத்தார். ஒசாகாவிலிருந்து ரயிலிலும் பிறகு கேபிள் காரிலும் ஏறிச் சென்றடையும் கோயா மலையில், பயணிகளைத் தங்கவைத்து இவ்வுணவை அளிக்கும் கோயில்கள் பல உள்ளன. மலைக் குளிரில் உறையவைத்து உலர்த்திய டோஃபு அங்கே பெயர்பெற்றது.

ஒரு சாறு, மூன்று கறி

வீட்டு உணவின் இலக்கணத்தை இச்சிஜூ சான்சாய் என்பார்கள். சோற்றோடும் ஊறுகாயோடும் ஒரு சாறு, மூன்று தொடுகறி என்பது அதன் அமைப்பு. சோற்றுக் கிண்ணம் உண்பவரின் இடக்கைப் பக்கமும் சாற்றுக் கிண்ணம் வலக்கைப் பக்கமும் வைக்கப்படும். பின்வரிசையில் மீன், டோஃபு, இறைச்சி போன்ற முதன்மைக் கறி ஒன்றும் காய்கறியாலான சிறுகறிகள் இரண்டும் அமையும். வெந்த கீரையைப் பிழிந்து தாஷி ஊற்றிய ஒஹிதாஷி, பர்டாக் கிழங்கையும் காரட்டையும் மெல்லிய கீற்றுகளாக்கி வதக்கிய கின்பிரா, கருநிறக் கடற்பாசியான ஹிஜிக்கியைச் சோயா மொச்சையோடு வேகவைத்தது ஆகியவை அச்சிறுகறிகளில் சில. இவற்றில் பலவற்றை முன்கூட்டியே செய்து குளிர்பெட்டியில் வைத்துக்கொள்வதால், வேலை முடிந்து திரும்பும் மாலையில் மீனைச் சுட்டுச் சாற்றைக் கொதிக்கவைப்பதோடு சமையல் முடிந்துவிடும். ஜப்பானியக் கேஸ் அடுப்புகளில் எரிமுனைகளுக்குக் கீழே மீன் சுடுவதற்கென்றே இழுப்பறை போன்ற ஒரு சிறு அடுப்பு இருப்பது இந்தப் பழக்கத்தின் வலுவைக் காட்டும்.

தமிழ்நாட்டில் குழம்பையோ ரசத்தையோ சோற்றில் ஊற்றிப் பிசைந்து உண்பதுபோல் ஜப்பானிய வீட்டில் பொதுவாகச் சோற்றோடு எதையும் கலப்பதில்லை. வெறும் சோறு ஒரு வாய், சாறு ஒரு மிடறு, கறி ஒரு துண்டு என மாறி மாறி உண்டு, கலவையை வாய்க்குள்ளேயே நிகழ்த்துகிறார்கள். உப்பில்லாமல் வடித்த சோறும் உப்பு மிகுந்த கறியும் இந்த முறையால்தான் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிச் சோற்றுக் கிண்ணமும் தனிக் குச்சிகளும் உண்டு. ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்துவதில்லை. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் இறப்புச் சடங்குகளுக்கு உரியவை என்பதால், விருந்தினர் தவிர்க்க வேண்டியவற்றுள் இவ்விரண்டும் முதன்மையானவை.

சாற்றில் கரைக்கும் மிசோ என்பது, வேகவைத்த சோயா மொச்சையை உப்போடும் கோஜி எனப்படும் பூஞ்சை வளர்த்த அரிசி அல்லது பார்லியோடும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுது. கியோத்தோவின் வெள்ளை மிசோ சில வாரங்களில் இனிப்பாக முதிர்கிறது. நகோயாவுக்கு அருகிலுள்ள ஒகாசாக்கியில் மொச்சையை மட்டும் கொண்டு செய்யும் ஹாச்சோ மிசோ, கல் அடுக்கிய மரப்பீப்பாய்களில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து கறுக்கிறது. ஊறுகாயிலும் இதே பொறுமை தெரியும். உப்பு நீர் சேர்த்த அரிசித் தவிட்டில் வெள்ளரியையும் கத்திரிக்காயையும் புதைத்துவைத்து மறுநாள் எடுக்கும் நுகாசுகே என்னும் ஊறுகாய்க்கு, அந்தத் தவிட்டை நாள்தோறும் கையால் கிளறிவிட வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு வீட்டுத் தவிட்டுப் பானையும் தனக்கென ஒரு சுவையைப் பெறுகிறது.

மேசை மாறிய விதம்

இன்று தொன்மையானதாகத் தோன்றும் இந்த வீட்டு உணவு, நூறாண்டுகளுக்குள் பெரிதும் மாறியது. முன்பு ஒவ்வொருவரும் ஹாகோசென் எனப்பட்ட தனித்தனிப் பெட்டியில் தம் கிண்ணங்களை வைத்திருந்து, அதன் மூடியையே தட்டாக்கிப் பேசாமல் உண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கால்கள் மடங்கும் தாழ்ந்த வட்டமேசையான சாபுதாய் நகரங்களில் பரவியபோதுதான் குடும்பம் முழுவதும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1955இல் நிறுவப்பட்ட ஜப்பான் வீட்டுவசதிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில், சமையலறையும் உண்ணும் இடமும் ஒன்றான அறை அமைந்தது. நாற்காலியும் மேசையும் அதனோடு வந்தன.

அதே 1955இல் தொஷிபா நிறுவனம் தானாக அணையும் மின்சாரச் சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் மினாமி யோஷிதாதா. எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு நீர், எவ்வளவு நேரம் என்று வீட்டில் மீண்டும் மீண்டும் சமைத்து அளந்து பார்த்தவர் அவர் மனைவி ஃபுமிக்கோ. வெளிப்பானையில் ஊற்றிய நீர் ஆவியாகி முடிந்ததும் வெப்பம் திடீரென உயர, அதை உணரும் ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் என்பதே அதன் இயக்கம். விடியுமுன் எழுந்து அடுப்பைக் காத்திருந்த பெண்களுக்கு அது உறக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. 1957இல் என்எச்கே தொலைக்காட்சி தொடங்கி இன்றும் நடத்திவரும் சமையல் நிகழ்ச்சி, ஜப்பானிய, மேலைநாட்டு, சீன உணவுகளை ஒரே வீட்டில் சமைக்கக் கற்பித்தது. முதலில் ஐவருக்கெனச் சொல்லப்பட்ட அளவுகள் பின்னர் நால்வருக்கும் அண்மையில் இருவருக்கும் என்று குறைந்தன. குடும்பம் சுருங்கிய வரலாற்றை அந்த அளவுகளே சொல்கின்றன.

வெளியிலிருந்து வந்து வீட்டு உணவாகவே ஆகிவிட்டவற்றில் கறி சோறு முதலிடம் பெறுகிறது. எதோ காலத்தை அடுத்த மெய்ஜி காலத்தில் பிரிட்டன் வழியாக வந்து, மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பாக மாறிய அது, கட்டியாகக் கடைகளில் விற்கும் மசாலாவால் எல்லா வீடுகளுக்கும் எட்டியது. கொதிநீரில் சூடாக்கி உண்ணும் பொதியாக 1968இல் சந்தைக்கு வந்தது. இந்தியச் சுவையிலேயே அதைத் தர முயன்றவர் வங்கப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ். 1915இல் ஜப்பானில் தஞ்சம் புகுந்த அவரை மறைத்துக் காத்த குடும்பத்தின் நகாமுராயா கடை, 1927இல் தோக்கியோவின் ஷின்ஜுக்குவில் அவர் வழிகாட்டலில் இந்தியக் கறியைப் பரிமாறத் தொடங்கியது.

மாற்றம் இழப்பையும் கொண்டுவந்தது. 1962இல் ஆண்டுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 118 கிலோவாக இருந்த அரிசி நுகர்வு இப்போது அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. 2013இல் யுனெஸ்கோ ஜப்பானிய உணவு மரபான வாஷோக்குவை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தபோது, ஜப்பானிய வீடுகளில் அந்த மரபு தளர்ந்துகொண்டிருந்தது. மூன்று கறி சமைக்க இயலாத சோர்வும் குற்றவுணர்வும் பெரும்பாலும் பெண்கள்மேல் விழுவதைக் கண்ட சமையல் ஆய்வாளர் தோய் யோஷிஹாரு, ஒரு சாறும் ஒரு கறியும் போதும் என்று 2016இல் ஒரு நூலில் வாதிட்டார். காய்கறிகள் நிறைந்த மிசோ சாறே அந்த ஒரு கறியாகவும் இருக்கலாம் என்ற அவருடைய சொல் பல குடும்பங்களுக்கு ஆறுதலாக அமைந்தது. மரபைத் தாங்கும் கைகளின் சுமையைக் குறைத்தாலொழிய எந்த மரபும் நிலைக்காது என்பதை அவர் சரியாக உணர்ந்திருந்தார்.

பயணி காணும் வழி

இந்த உணவைப் பயணி உண்ண எளிய இடம் தெய்ஷோக்குக் கடை. சோறு, சாறு, முதன்மைக் கறி, சிறுகறி, ஊறுகாய் ஆகியவற்றை ஒரே தட்டில் அடுக்கி மிதமான விலையில் தரும் இக்கடைகளில், அலுவலகம் விட்டுத் தனியே வீடு திரும்புவோர் இரவு உண்பதைக் காணலாம். பெரிய அங்காடிகளின் நிலத்தடித் தளமான தெப்பாச்சிக்காவிலும், குடியிருப்புப் பகுதிகளின் சூப்பர் மார்க்கெட்டுகளிலும், சமைத்த கறிகளை விற்கும் பகுதி உண்டு. சோற்றை மட்டும் வீட்டில் வடித்துக் கறியை வாங்கிச் செல்வது இன்றைய குடும்பங்களின் நடைமுறை. கடை மூடும் நேரம் நெருங்கும்போது ஊழியர்கள் விலைக்குறைப்புச் சீட்டுகளை ஒட்டத் தொடங்க, அதற்காகவே காத்திருந்து வாங்குவோரும் உண்டு. மின்ஷுக்கு எனப்படும் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளில் தங்கினால், இரவும் காலையும் அவ்வீட்டார் சமைத்ததையே உண்ணலாம். கியோத்தோவின் நிஷிக்கி சந்தையையோ, 2018இல் மொத்த வணிகம் தொயோசுவுக்குப் பெயர்ந்த பின்னும் தொடரும் தோக்கியோவின் த்சுகிஜி வெளிச்சந்தையையோ காலையில் பார்த்துவிட்டு, அன்று மாலையே குடியிருப்புப் பகுதிக் கடை ஒன்றையும் பார்ப்பவருக்கு, சந்தைக் காயும் மீனும் வீட்டு மேசையில் எவ்வாறு கறியாகின்றன என்பது முழுமையாகத் தெரியும்.

எந்த நாட்டுக்கும் பொருந்தும் ஒரு நெறி இதில் இருக்கிறது. புகழ்பெற்ற கடைகளின் பட்டியலோடு புறப்படுவதில் தவறில்லை. ஒரு பண்டத்தில் மனித உழைப்பு எட்டக்கூடிய உயரத்தை அக்கடைகளே காட்டும். ஆனால் அந்நாட்டார் மழைக்காலத்திலும் மாதக் கடைசியிலும் களைத்துத் திரும்பும் மாலையிலும் எதை உண்டு எழுகிறார்கள் என்பதை வீட்டு உணவுதான் சொல்லும். அதை அறிய விரும்புபவர், பயணத்தின் ஒரு மாலையையாவது சுற்றுலாத் தலங்களுக்கு ஒதுக்காமல், குடியிருப்புத் தெருவொன்றின் கடைக்கும் அதன் எளிய உணவகத்துக்கும் ஒதுக்க வேண்டும். அங்கே மேசைக்கு வருவதன் விலை சிறிதாக இருக்கலாம், ஆயினும் ஒரு சமூகம் தன்னை நாள்தோறும் பேணிக்கொள்ளும் அறிவு முழுவதும் அதில் இருக்கிறது.